அட்டையில் நான்கு வட்டம்

பிரசவ வார்டு சன்னல் வழியே திருச்சுழி வெயில் கட்டில்மேல் விழுகிறது. நர்ஸ் பச்சைப்பிள்ளையின் குதிகாலில் குத்தி, சோதனை அட்டையின் நான்கு வட்டங்களிலும் ரத்தத்தை ஊறவிட்டுக் காயவைக்கிறாள். பிள்ளை பெற்ற கனகலட்சுமியின் நாத்தனார் எட்டிப் பார்க்கிறாள். "சிஸ்டர், இப்பத்தான் சீனித்தண்ணி தொட்டுப் பிள்ளை நாக்குல சேனை வச்சேன். அதக் காட்டிருமா?" "அது காட்டாதுக்கா. வயித்துல இருக்கையில கடைசி ரெண்டு மாசமா தாய்கிட்டருந்து எம்புட்டுச் சீனி ஏறுச்சுன்னுதான் இதுல பாப்பாக." நாத்தனார் நிம்மதியாக விரலை முந்தானையில் துடைக்கிறாள். கனகலட்சுமி புருஷனைப் பார்க்கிறாள். ஏழாம் மாதம், "எங்க வம்சத்துலயே சீனி வியாதி கெடையாது" என்று டாக்டர் அவளுக்கு எழுதிக்கொடுத்த சீனிச் சோதனைச் சீட்டைக் கிழித்துப்போட்ட வெள்ளத்துரை, வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு வாழைப்பழம் உரிக்கிறான். வட்டங்கள் கறுக்கின்றன. மேலே 'கனகலட்சுமியின் குழந்தை' என்று எழுதியிருக்கிறது. கிழித்தவன் பெயரை எழுத அட்டையில் கட்டமே இல்லை.