அதிபரின் மொழிபெயர்ப்பு

"என்ன செய்யுதெண்டு டொக்டர் கேக்கிறார், சொல்லும்," என்றார் அலோசியஸ். யாழ்ப்பாணத்தில் கல்லூரி அதிபராயிருந்தவர். இப்போது கனடாவில், ஸ்காபரோ முதியோர் சங்கத் தலைவர். மன வருத்தமென்பது வேலையில்லாதவர்களின் சாட்டு என்று மேடைதோறும் முழங்குபவர்.

இங்கிலீஸ் தெரியாத மனைவி பிலோமினா, "முழங்கால் உளையுது, படியேற ஏலாமக் கிடக்கு," என்றாள்.

அந்த ஒரு வரியை அவர் பத்து நிமிடம் மொழிபெயர்த்தார். நடுவில் குரல் தழுதழுத்தது. தன் முழங்காலுக்கு இவ்வளவு இரக்கமா என்று அவளுக்கே கூச்சமாகிவிட்டது. டொக்டர் அவள் கையைப் பிடித்து ஆறுதலாக ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"எண்ணெய் பூசட்டாம்."

போகிற வழியில் மருந்துக்கடையில் ஒரு போத்தல் குளிசை வாங்கினார். தனக்கு விற்றமின் மாத்திரை என்றார். அன்றிலிருந்து தவறாமல் விழுங்கினார்.

அடுத்த மாதம், மருந்துக்கடையொன்றில் வேலை செய்யும் மகள் ஜெனிற்றா பிக்கரிங்கிலிருந்து வந்தாள். மேசையிலிருந்த போத்தலை எடுத்துப் பார்த்தவளின் முகம் மாறியது.

"அம்மா, உது மன அழுத்தத்துக்குக் குடுக்கிற குளிசை. உங்கட பேர் போட்டிருக்கு. இவ்வளவு கவலையை ஏன் என்னட்டை மறைச்சனீங்கள்?"

சங்கக் கூட்டத்துக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டிருந்த அலோசியஸின் கை அப்படியே நின்றது.

பிலோமினா அவரை ஒருமுறை பார்த்தாள்.

"என்ன செய்யிறது பிள்ளை," என்றாள். "வெளியிலை சொல்ல வெக்கமாக் கிடந்தது."