யார் வழி வந்தது?

"எங்க பரம்பரையில யாருக்கும் வாசிக்கத் திணறுற இந்த டிஸ்லெக்சியா கிடையாது. உங்க வீட்டுப் பக்கம்தான் இருக்கும்" என்றார் கணவர், பள்ளி வாசலில் நின்றுகொண்டே. "என்னையே பாரு. காலையில எடுத்த பேப்பரைச் சாயங்காலம் வரைக்கும் வரி விடாம வாசிக்கிறேன்."

ஏற்கெனவே மூன்று பள்ளிகள் கைவிரித்துவிட்டன. மனைவி மகளோடு உள்ளே போனாள்.

தலைமையாசிரியை ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "உங்க பொண்ணு படுற பாடு உங்களுக்குப் புரியணும். அதுக்காக எழுத்துகளை இடம் மாத்தி அச்சடிச்சிருக்கோம். வாசிச்சுப் பாருங்க. அப்புறம் அட்மிஷனைப் பத்திப் பேசலாம்."

மனைவி முதல் வரியிலேயே திணறினாள். கணவர் விரல் வைத்து, நிதானமாகக் கடைசி வரி வரை வாசித்து முடித்தார்.

"இதுவரைக்கும் எந்தப் பெற்றோரும் முழுசா வாசிச்சதில்லை சார். எப்படி முடிஞ்சது?"

"பேப்பர் வாசிக்கிற மாதிரிதான் மேடம்" என்றார் அவர் பெருமையாக. "எழுத்துன்னா இடம் மாறித்தானே நிக்கும்? நாமதான் பொறுமையா பிடிச்சு உட்கார வைக்கணும்."

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, உங்களுக்குமா?"

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "மேடம், ரெண்டு சீட் கிடைக்குமா?"