மாடியில் ஓர் எருக்கஞ்செடி

“நம்ம பொண்ணுக்கு மட்டும் தெரிஞ்சுதோ, காரியத்தையே கெடுத்துடுவா. மூச்சு விடாதீங்க!”

அம்மா கிசுகிசுத்தாள். அப்பா கனத்த மூட்டையைச் சத்தமில்லாமல் மொட்டை மாடிக்கு இழுத்தார்.

மூட்டையில் இருந்தது செம்மண். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மாட்டு டாக்டர், லீவு நாளில் கேமராவும் கையுமாகப் பட்டாம்பூச்சி பின்னால் அலைகிறவன். மாடியில் தோட்டம் போட்டால் பூச்சி வரும், பூச்சி வந்தால் பையன் வருவான் என்பது அம்மாவின் கணக்கு.

வேறு வழி? பார்த்த வரன்களையெல்லாம் மகள் தட்டிக்கழித்துவிட்டாள். “நான் பார்க்கிறவன்தான் மாப்பிள்ளை. காதல் கீதல்னு வந்தே, காலை ஒடிச்சுடுவேன்” என்று அம்மாவும் ஒற்றைக்காலில் நின்றாள். இருவரும் முகம் கொடுத்துப் பேசியே நாளாகிவிட்டது. அம்மாவுக்கு அது உள்ளூர வலித்தது.

செம்பருத்தியும் உன்னிச்செடியும் பூத்துக் குலுங்கின. தப்பித் தவறி வந்த பூச்சிகளும் நிற்காமல் பறந்தன.

“வெறும் பூவா வச்சா தேனைக் குடிச்சிட்டுப் போயிடும்மா. முட்டை போட எருக்கு வேணும்” என்றாள் மகள், போனிலிருந்து தலை தூக்காமல்.

“குப்பைமேட்டுச் செடியையா?”

முனகிக்கொண்டே அம்மா வைத்தாள். வைத்த செடியில் இலைக்கு இலை புழு. மருந்தும் கையுமாகக் கிளம்பியவளை மகள் பாய்ந்து தடுத்தாள்.

“ஐயோ அம்மா, அந்தப் புழுதான் பட்டாம்பூச்சி!”

அம்மா தலையில் அடித்துக்கொண்டு மருந்தைக் கீழே வைத்தாள்.

ஒரு ஞாயிறு காலை, மாடியெங்கும் ஆரஞ்சு நிறச் சிறகுகள். எதிர் மாடியிலிருந்து குரல் வந்தது.

“ஆன்ட்டி, ரெண்டு போட்டோ எடுத்துக்கலாமா?”

“இதெல்லாம் கேக்கணுமா? வாங்க தம்பி!”

வந்தான். அம்மா மகளை முன்னால் தள்ளினாள். “தம்பிக்குத் தோட்டத்தைச் சுத்திக் காட்டும்மா. நான் காபி எடுத்துட்டு வரேன்.”

“யாரும்மா இவரு? எனக்கு வேற வேலை இல்லையா?” மகள் முகத்தைச் சுளித்தாள்.

“சும்மா காட்டுடி!”

படியிறங்கிய அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லாம் தன் சாமர்த்தியம்தான் என்று மனசுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

காலடிச் சத்தம் ஓயும்வரை மகள் காத்திருந்தாள். பிறகு அவன் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்:

“இன்னும் கொஞ்ச நாள் என்னைத் தெரியாத மாதிரியே நடிடா. கல்யாணப் பேச்சை அம்மாவே எடுப்பாங்க.”