வயது எழுதாத விண்ணப்பம்

“அப்போ வயசைச் சொல்லவே மாட்டேங்கறியா?”

“சொல்லக் கூடாதுன்னு இல்லீங்க சார். பாத்திரம் தேய்க்கற வேலைக்கு வயசு எதுக்குங்க? தேய்க்கற கையைப் பார்த்து அண்டா வயசு கேக்குமா?”

கிளார்க் பலராமன் சத்தமாகச் சிரித்தான். “இன்னைக்கு வந்ததுலயே இந்தம்மாவுக்குத்தான் சார் வாய் ஜாஸ்தி.”

விடுதி மேனேஜர் சக்கரவர்த்தி சிரிக்கவில்லை. செங்கம் ரோட்டில் இருந்த அந்தப் பள்ளி மாணவியர் விடுதிக்கு ஒரு சமையல் உதவியாள் வேண்டும். விதவைகளுக்கு முன்னுரிமை, வயது பதினெட்டிலிருந்து நாற்பதுக்குள் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

காலையிலிருந்து இருபத்தேழு விண்ணப்பங்களைப் பார்த்துவிட்டார். எல்லாமே தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரே ஆள் எழுதியவை. பெயர்களைப் படிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டு, கட்டங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சையம்மாள் நீட்டிய தாளில் வயதுக் கட்டம் காலியாக இருந்தது.

“எழுதறவரு உங்களையே கேட்டு நிரப்பிக்கச் சொல்லிட்டாருங்க.” பச்சையம்மாள் கூச்சத்தோடு காலை நகர்த்தினாள். மெட்டி சிமெண்டுத் தரையில் கீச்சிட்டது.

“சரி, அது கிடக்கட்டும். புருஷன் தவறி எத்தனை வருஷம் ஆச்சு?”

“வர்ற ஆடி வந்தா ஒரு வருஷங்க. மல்லாட்டைக்குத் தண்ணி பாய்ச்சப் போன எடத்துல, மோட்டார் கொட்டாயில கரண்ட் அடிச்சிருச்சு.”

“புள்ளைங்க?”

“இல்லீங்க.”

“நிலம் இருக்குதுல்ல? கீழ்பென்னாத்தூர்லயே இருந்துட வேண்டியதுதானே?”

“அங்க இருக்க முடியாதுங்க.” அவள் குரல் இறங்கியது. “செத்தவரோட அண்ணன் பார்வை சரியில்லீங்க. வூட்ல ஆளு இல்லாத நேரமா பாத்து வந்து நிக்கறான்.”

பலராமன் அவளுடைய நரைத்த காதோரத்தைப் பார்த்தான். ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தான்.

“இந்த வயசுலயுமா?”

பச்சையம்மாள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். 

“இங்கயே தங்க எடம் உண்டுன்னு சொன்னாங்க. அந்த ரூமுக்கு உள்பக்கம் தாப்பா இருக்குங்களா சார்? அது இருந்தா சம்பளம் கம்மின்னாலும் பரவால்லீங்க.”

சக்கரவர்த்தி பேனாவை மூடி வைத்தார்.

“இங்க பாரும்மா. போன வருஷம் இப்படித்தான் இரக்கப்பட்டு வயசு கேக்காம ஒருத்தியைச் சேர்த்தோம். அம்பது தாண்டினவ. சாம்பார் அண்டாவை இறக்கறப்போ இடுப்பு புடிச்சுக்கிச்சு. முழங்கால் வரைக்கும் வெந்து போச்சு. கமிட்டியில என்னைத்தான் நிக்க வெச்சுக் கேட்டாங்க. அதுக்குத்தான் வயசு கேக்கறது. எங்க போனாலும் கேப்பாங்க.”

“தாலி கட்டறப்போ யாரும் கேக்கலீங்களே.”

பலராமனுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. “அது வேற டிபார்ட்மெண்டும்மா.”

சுவரில் 1981-ஆம் வருஷத்துக் காலண்டர் மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் மலை பாதிதான் தெரிந்தது, மீதியை மேகம் எடுத்துக்கொண்டிருந்தது. மதிய மணி அடித்ததும் விடுதிப் பெண்கள் தட்டுகளோடு வராந்தாவில் ஓடினார்கள்.

சக்கரவர்த்திக்குப் பசித்தது. கூடவே, எதிரில் நிற்பவளை வெறுங்கையோடு அனுப்ப மனசும் வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நாப்பதைத் தாண்டிட்ட, அவ்வளவுதானே? எனக்குத் தெரியாதா? முப்பத்தொம்போதுன்னு போட்டுடறேன். யாராவது கேட்டா அதையே சொல்லு. ரெண்டு மூணு வருஷப் பொய்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?”

பேனாவைத் திறந்து கட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பச்சையம்மாள் சட்டென்று தாளின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“மூணு வருஷம்னா பரவால்லீங்களா சார்?”

“அதான் சொல்றேனே.”

“கமிட்டியில ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?”

“நான் பாத்துக்கறேம்மா. கையை எடு.”

அவள் கையை எடுக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பினாள்.

“கஸ்தூரி, உள்ள வாம்மா.”

பாவாடை தாவணியில் ஒரு பெண் வந்து கதவோரம் நின்றது. வெறும் நெற்றி. காதில் கம்மல் இருந்த இடத்தில் ஈர்க்குச்சி. அதன் கண்கள் மட்டும் தட்டோடு ஓடிய பெண்களின் பின்னாலேயே போயிருந்தன.

“அட்மிஷன் பக்கத்து ரூம், பாப்பா,” என்றான் பலராமன்.

பச்சையம்மாள் இப்போது தாளிலிருந்து கையை எடுத்தாள்.

“வேலை எம் மவ இவளுக்குத்தாங்க. பதினஞ்சு ஆவுது, பதினெட்டுன்னு போட்டுக்குங்க சார்.”