மாஸ்டரின் மக்ரூன்

"ஆசைய அடக்காதீங்க. கண்ண மூடி உத்துப் பாருங்க, வந்த வழியே போயிரும்" என்றார் யோகா மாஸ்டர் செந்தூர்வேல். விளாத்திகுளத்துக்காரர் தூத்துக்குடிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"ஒங்களுக்கு ஆசையே வராதா மாஸ்டர்?" என்று கேட்டாள் மாணவி ஷெர்லி.

"முன்னால முட்டைன்னா எனக்கு உயிரு. உத்துப் பாத்தே விட்டாச்சு, பதினோரு வருசமாத் தொடல. இப்போ நீங்க தினமும் கொண்டார இந்த மக்ரூன் மட்டுந்தான்" என்று நான்காவதை வாயில் போட்டார். "வெறும் முந்திரியும் சீனியும் எப்படித்தான் இப்படிக் கரையுதோ!"

ஷெர்லி விழித்தாள். "முட்டை வெள்ளைக்கருவ நுரைக்க நுரைக்க அடிச்சுத்தான மாஸ்டர் மக்ரூனே செய்யுதோம்?"

செந்தூர்வேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரமாகக் கண்களை மூடி அந்த அதிர்ச்சியை உற்றுப் பார்த்தார். வந்த வழியே போய்விட்டது.

நிம்மதியாகக் கண்ணைத் திறந்தால், கையில் ஐந்தாவது மக்ரூன்!