மஜீதுக்கு வந்த பார்சல்

கிழிந்த துணிப்பையைப் புல்தரையில் வீசினார் முத்துசாமி. பையின் மேல் நீல மையில் ‘அப்துல் மஜீது, கிராஞ்சி’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

“படிச்சுப் பாரு. உன் பேருதானே?”

தேக்கா திறந்தவெளியில் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மஜீது சோற்றுப் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தார். எட்டு வருடமாக ‘பாய்’ என்று வாய் நிறையக் கூப்பிட்ட நண்பர், இன்று முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை.

“என் பேருதான். என்ன ஆச்சு?”

முத்துசாமி ஒரு மாத விடுப்பு முடிந்து நேற்றுத்தான் அறந்தாங்கியிலிருந்து திரும்பியிருந்தார். ஊருக்குப் போகிறவர் மற்றவர்கள் வீட்டுப் பார்சலையும் சுமந்து வருவது இந்தத் தொழிலாளர்களிடையே வழக்கம். அதைப் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை. முத்துசாமி கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே மஜீதின் அம்மா அவர் வீட்டுக்கு வந்து இரண்டு கைலியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்துவிட்டுப் போனார். முத்துசாமியின் மனைவி மங்களம் அவற்றை வாங்கி, துணிப்பையில் போட்டு, வாயைத் தைத்து, பெயரும் எழுதி வைத்தாள்.

இங்கே விமான நிலையத்தில், ‘வேப்’ எனும் மின்சிகரெட் வைத்திருப்பவர்கள் அதைப் போட்டுவிட்டுப் போவதற்கென்றே ஒரு தொட்டி இருந்தது. நமக்கென்ன என்று முத்துசாமி அதைத் தாண்டி வந்தார். பத்து நிமிடம் கழித்து, சோதனை எந்திரத்தில் மஜீதின் பை மாட்டியது. கைலி மடிப்புக்குள் பேனா போல ஒரு மின்சிகரெட், கூடவே இரண்டு புதினா வாசனைக் குப்பிகள்.

இந்த ஊரில் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். நாட்டுக்குள் கொண்டு வருவது அதைவிடப் பெரிய குற்றம். முத்துசாமியை மூன்று மணி நேரம் தனி அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். குப்பிகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

“போதைக் கேஸ் மாதிரி யூரின் எடுத்தாங்க. கதவைத் திறந்து வச்சு, ஒருத்தன் பாத்துக்கிட்டே நிக்கிறான். நாப்பது வயசுல எனக்கு இது தேவையா?”

சொல்லிக்கொண்டே ஒரு சிகரெட்டை உருவி வாயில் வைத்தார். இங்கே பற்ற வைக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்ததும் அதைப் பெட்டிக்குள்ளேயே திணித்தார். சிகரெட் இரண்டாக ஒடிந்தது.

மஜீது தனக்கு எதுவும் தெரியாது என்றார். பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை என்பது முத்துசாமிக்கே தெரியும் என்றார்.

“வெளிய யோக்கியன். ரூமுக்குள்ள என்ன பண்றியோ, யாரு கண்டா?” முத்துசாமியின் குரல் உயர்ந்தது. “அடுத்த மாசம் என் வேலை பெர்மிட் முடியுது. ரெண்டு புள்ளைங்க படிக்குது. உன் சொகத்துக்கு நான் மூட்டை கட்டணுமா? அதான் எழுதிக் குடுத்துட்டேன்.”

“என்னன்னு?”

“பொருள் உன்னுதுன்னு. நீ கேட்டுத்தான் கொண்டு வந்தேன்னு. கையெழுத்தும் போட்டுட்டேன்.”

“நான் எப்ப கேட்டேன்?”

“கேக்காமயா வந்துச்சு?”

மஜீது தன் கைபேசியை எடுத்து நீட்டினார். காலையில் கம்பெனியிலிருந்து வந்த செய்தி அதில் இருந்தது. நாளை வேலைக்கு லாரியில் ஏற வேண்டாம், பெர்மிட் அட்டையுடன் அலுவலகத்துக்கு வரவும். எதற்கு என்று புரியாமல் காலையிலிருந்து நான்கு பேரிடம் கேட்டிருந்தார். இப்போது புரிந்தது.

“எங்கம்மாவுக்கு எழுபது வயசு, முத்து. போன்ல பச்சை பட்டன் எதுன்னே தெரியாது. அது வேப் வாங்கி அனுப்புமா?” மஜீதின் குரல் உயரவில்லை. “அந்தப் பை மூணு நாளு உன் வீட்டுல இருந்துச்சு. அங்க கேளு.”

“என் பொண்டாட்டியச் சொல்றியா?”

முத்துசாமி மஜீதின் சட்டையைப் பிடித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் ஓடிவந்து விலக்கினார்கள். ஒருவர், பேச்சு எதற்கு, போன் போட்டுக் கேட்டுவிட்டால் தெரிந்துவிடுமே என்றார்.

பயந்துவிடுவாள் என்று, நேற்று நடந்ததை முத்துசாமி மங்களத்திடம் சொல்லியிருக்கவில்லை. ஆனால் இப்போது அத்தனை பேருக்கு முன்னால் மஜீதின் பொய் அம்பலமாக வேண்டும் என்று தோன்றியது. எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

“மங்களம், பாய் பையில நீ ஏதாவது வச்சியா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு.”

மறுமுனையில் மங்களம் சிரித்தாள்.

“பாய் அண்ணன் அதுக்குள்ள உங்ககிட்ட குடுத்துட்டாரா? நானே இன்னைக்கு அவருக்குப் போன் பண்ணிச் சொல்லணும்னு இருந்தேன். அதை இழுத்தா சிகரெட்ட மறந்துருவீங்களாம், செல்போன் கடையில சொன்னாங்க. நான் குடுத்தா தூக்கி எறிஞ்சிருப்பீங்க.”

முத்துசாமி ஸ்பீக்கரை அணைக்கப் பார்த்தார். விரல் சரியாகப் படவில்லை.

“பாய் அண்ணன் பேச்சைத்தான் நீங்க கேப்பீங்க, அதான் அவர் பையில வச்சேன்.”