குகைக்குக் கூரை

மகாராணியின் தலை அந்த மரக் குகைக்குள் போனது, தோள் போனது. கால் மட்டும் போகவில்லை.

முழங்காலை மடக்கிப் பார்த்தாள். நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பார்த்தாள். கூரையில் தலை இடித்தது. இழுத்துவிட்ட திரை மூடாமல் அவள் செருப்பின் மேல் கிடந்தது.

பதினாறு வயதுப் பெண். தனக்குத் தோன்றினால்தான் ஓர் இடத்தைவிட்டு அசைவாள் என்பதால் பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்கு மகாராணி என்றே பெயர். வாயில் வார்த்தை வராது. கையிலிருக்கும் டேப்லெட்டைத் தட்டினால் அது அவளுக்காகப் பேசும்.

தட்டினாள்.

"இது பாப்பாவுக்கு" என்றது டேப்லெட்.

அறை வாசலில் நின்ற விளையாட்டு வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார்.

"கேட்டுக்கோங்க. முயல் வளக்கறதுன்னா கச்சிதமா இருக்கும். சொல்லுங்க, என் பந்தையெல்லாம் திரும்ப இங்கேயே கொண்டாந்துடறேன்."

அந்தப் பேச்சில் விளையாட்டு பாதிதான். போன மாதம் வரை அந்த அறை அவருடைய சாமான் அறை. சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் தாங்காமல் தவிக்கிற பெரிய வகுப்புப் பிள்ளைகள் சற்று ஒதுங்கி ஆறுவதற்கு ஓர் அறை வேண்டும் என்று, தலைமையாசிரியையின் வாசலுக்கு நடையாய் நடந்து அதை வாங்கியவள் திரைச்சீலைக்காரம்மா. இன்று பிள்ளைகளுக்குப் பிடிக்காவிட்டால் பந்தும் வலையும் திரும்பி வந்துவிடும்.

அவள் மூடாத திரையையே பார்த்தாள்.

ஊரில் பாதி ஜன்னலுக்குத் திரை தைத்தவள். ஒன்றுக்கு இரண்டு தரம் அளக்காமல் துணியில் கத்திரி வைக்காதவள்.

மற்றதெல்லாம் நன்றாகத்தான் வந்திருந்தது. விளக்கு கண்ணைக் குத்தவில்லை. மின்விசிறி முனகவில்லை. கண்ணாடிக் குழாயில் நீர்க்குமிழிகள் வேலைவெட்டி இல்லாதவை போல மெல்ல ஏறின. தடவிப் பார்க்கச் சுவரில் ஒரு பட்டை வெல்வெட், ஒரு பட்டை சாக்கு.

ஆனால் மூலையில் உள்ளே மெத்தை பதித்து, முன்னால் திரை தொங்கவிட்ட அந்த மர மறைவிடம், எல்லோரும் குகை என்று சொன்னது, சின்னதாகப் போய்விட்டது. மேலே அழுத்திப் போர்த்திக்கொள்ள அவள் தைத்த கனத்த போர்வையும் மகாராணிக்கு முழங்காலோடு நின்றுவிட்டது.

குகையைச் செய்த தச்சர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, என் மேல பழியைப் போடாதீங்க. அளவு கேட்டப்ப நீங்க டேப்பையே எடுக்கல. கையை நீட்டி, இவ்வளவு உயரம்னீங்க. இவ்வளவு உறுதியா சொல்றாங்களேன்னு நானும் அறுத்துட்டேன்."

உண்மைதான். அந்த உயரம் அவள் கைக்குத் தெரியும். யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகளைக் கூட்டிவந்த டீச்சர் இந்தப் பள்ளிக்குப் புதிது. "விடுங்கக்கா, சின்ன வகுப்புக்குக் குடுத்துடலாம். அதுங்க கொண்டாடும்" என்றாள்.

திரைச்சீலைக்காரம்மா கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். குகையின் முன்னால் குத்துக்காலிட்டாள்.

"எந்திரிம்மா மகாராணி. அளவெடுக்கணும்."

விரல் யோசித்தது. "சட்டையா?" என்றது டேப்லெட்.

"இல்ல. அரண்மனை."

மகாராணிக்கு அது சரியாகப்பட்டிருக்க வேண்டும். வெளியே வந்து எழுந்து நின்றாள். நின்றுகொண்டே போனாள். திரைச்சீலைக்காரம்மா முகத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

எப்போது இவ்வளவு வளர்ந்தாள் இந்தப் பெண்?

இடுப்பிலிருந்து உச்சி வரை அளந்தாள். இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிகால். இரண்டாவது தரமும் அளந்தாள்.

தச்சர் திருகுகளைக் கழற்றிக் கூரையைப் பெயர்த்தார். முகப்பை ஒரு முழம் முன்னால் இழுத்தார். அவள் திரையின் அடிமடிப்பைப் பிரித்து நீளம் விட்டாள்.

"சும்மாதானே நிக்கறீங்க சார், ஒரு கை பிடிங்க" என்றார் தச்சர். விளையாட்டு வாத்தியார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கூரையின் மறுமுனையைப் பிடித்தார். உயர்த்திப் பிடித்ததில் பக்கவாட்டில் இடைவெளி விழுந்தது. பலகையை அப்புறம் அடித்துக்கொள்ளலாம்.

மகாராணி நுழைந்தாள். கால் போனது. திரை மூடியது.

குமிழிகள் ஏறின. கூரையைத் தாங்கிய இரண்டு பேரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

உள்ளேயிருந்து டேப்லெட் பேசியது.

"எல்லாரும் போங்க."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். திரைச்சீலைக்காரம்மா வெகுநாளைக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தாள். இதைவிட நல்ல சேதி அந்த அறைக்கு வரப்போவதில்லை.

"நான் போனா கூரை உன் தலையில விழும் தாயே" என்றார் விளையாட்டு வாத்தியார். ஆனால் குரலைத் தணித்துத்தான் சொன்னார். பந்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்பது அவருக்கும் விளங்கிவிட்டது.

தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"தலைக்கு மேல தாராளமா இடம் இருக்கு. இங்கேயே திருகிடவா அக்கா?"

"இன்னும் ரெண்டு விரல் ஏத்துங்க."

"எதுக்கு? இவளைவிட உயரமா இந்தப் பள்ளிக்கூடத்துல யாரு இருக்கா?"

புது டீச்சரும் அதே கேள்வியோடு திரைச்சீலைக்காரம்மாவைப் பார்த்தாள்.

மூன்றாம் வகுப்பில் மகாராணியின் பக்கத்து இடம் திரைச்சீலைக்காரம்மாவின் மகனுடையது. அந்த வருடம் வந்த காய்ச்சலில் அவன் போனான். அதற்குப் பிறகு அம்மாவின் கை அவனை, தச்சருக்குக் காட்டிய அந்த உயரத்திலேயே வைத்திருந்தது.

அப்போதே அவன் மகாராணியைவிட இரண்டு விரல் உயரம்.

நல்ல வளர்த்தி.